நமுத்துப்போன பத்ரோன்

டல்லாஸில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பிக் கேட்டான். "மச்சான், பத்ரோன் 1964 மதூரோ சிகார் ஒரு பெட்டி விலை இறங்கியிருக்கு. நீதான் வருஷக்கணக்கா பிடிக்கிறியே, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். தட்டிப் பார்த்து மூன்று முறை அழித்துவிட்டேன். அந்தச் சிகாரை நான் ஐந்து வருடத்துக்கும் மேலாகப் பிடிக்கிறேன் என்பது சரி. ஆனால் அதில் இரண்டரை வருடம் கெட்டுப்போன நிலையில்தான் பிடித்திருக்கிறேன். சிகார் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது எனக்கே இந்தப் பிப்ரவரியில்தான் தெரிந்தது. அதைச் சொல்லாமல் வாங்கு, வாங்காதே என்று எதைச் சொன்னாலும் அவனுக்கு உதவாது.

நான் பிடிப்பது எக்ஸ்க்ளூசிவோ அளவு. ஐந்தரை அங்குல நீளம், 50 ரிங் தடிமன், நான்கு பக்கமும் அமுக்கிய சதுர வடிவம், மேலே சுற்றிய இலை, அதாவது மேலிலை, கறுத்த மதூரோ. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது.

முதலில் பிடித்தது 2019-ல், மயாமியில். வேலை விஷயமாகப் போயிருந்தேன். மதியம் வயிறு நிறைய கியூபச் சாப்பாடு, அதன் மேல் சின்னக் கிண்ணத்தில் சர்க்கரை போட்டு அடித்த காப்பி. உடன் வந்தவர் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பற்ற வைப்பதற்கு முன்னால் சும்மா ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொன்னார். கொக்கோப் பொடியும் உலர்ந்த திராட்சையும் கலந்தது போல ஒரு மணம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. நெருப்பே வைக்கவில்லை, அதற்குள் இவ்வளவா என்று தோன்றியது. பற்றவைத்த பிறகு முதல் பத்து நிமிடம் மிளகு. அப்புறம் அந்தக் காரம் மெல்ல இறங்கி, கருப்பட்டிக் காப்பியின் அடியில் தங்குமே ஒரு கசப்பும் இனிப்பும், அந்த இடத்துக்கு வந்து நின்றது. புகையை வாயில் நிறுத்தி, கொஞ்சம் மட்டும் மூக்கு வழியே விடச் சொன்னார். விட்டதும் வறுத்த கடலைத் தோலின் வாசனை. ஒன்றே கால் மணி நேரம் நான் பேசவே இல்லை.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். உள்ளே சுருட்டியிருப்பது, கட்டியிருப்பது, மேலே போர்த்தியிருப்பது எல்லாமே நிகரகுவா இலை. அந்த நாட்டின் வடக்கே எஸ்தெலி, கொந்தேகா, ஹலாபா என்று மூன்று புகையிலைப் பகுதிகள். எஸ்தெலியின் எரிமலைக் கறுப்பு மண்ணில் விளைவது காரம். ஹொந்துராஸ் எல்லையை ஒட்டிய ஹலாபாவின் செம்மண்ணில் விளைவது மென்மையும் இனிப்பும். கொந்தேகா இரண்டுக்கும் நடுவில். செடியின் உச்சி இலைக்கு லிஹேரோ என்று பெயர். வெயில் முழுக்க அதன் மேல் விழுவதால் தடித்துப்போய், சத்தெல்லாம் அதில் சேர்ந்திருக்கும், மெதுவாகத்தான் எரியும். அதனால்தான் அதை நட்ட நடுவில் வைத்துச் சுருட்டுகிறார்கள். அறுத்த இலையைக் காயவைத்து, ஆளுயரக் குவியலாக அடுக்கி, தன் சூட்டிலேயே வேக விடுகிறார்கள். குவியலின் உள்சூடு ஏறியதும் பிரித்து, மேலே இருப்பதைக் கீழும் கீழே இருப்பதை மேலுமாக மாற்றி மறுபடி அடுக்குகிறார்கள். அம்மோனியா வாடை அப்படித்தான் வெளியேறுகிறது. மதூரோவின் கறுப்பு சாயம் அல்ல. கூடுதல் நாளும் கூடுதல் சூடும் கொடுத்த நிறம். 1964 வரிசைக்கு இலையை நான்கு வருடம் வைத்துப் பழக்குகிறார்கள்.

இதை ஆரம்பித்த ஹோசே ஒர்லாந்தோ பத்ரோனின் கதையையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. 1926-ல் கியூபாவில் பிறந்தவர். புரட்சிக்குப் பிறகு நிலம் போய், மயாமிக்கு வந்து, ஒரு நண்பர் கொடுத்த சின்னச் சுத்தியலை வைத்துத் தச்சு வேலை பார்த்தார். அதில் 600 டாலர் சேர்த்து, 1964-ல் ஒரே ஒரு சுருட்டும் தொழிலாளியோடு கடை போட்டார். 1970-ல் நிகரகுவாவுக்குப் போனார். 1978-ல் உள்நாட்டுக் கலவரத்தில் எஸ்தெலி ஆலை எரிந்தது. 1985-ல் அமெரிக்காவின் ரேகன் அரசு நிகரகுவா மேல் வணிகத் தடை போட்டது. அத்தனைக்கும் பிறகு, 30-வது ஆண்டுக்காக 1994-ல் வெளியிட்டதுதான் நான் பிடிக்கும் இந்த வரிசை. 2017-ல் 91 வயதில் காலமானார். இப்போது அவர் பிள்ளைகள் நடத்துகிறார்கள். அந்தச் சுத்தியல் இன்றும் அந்த நிறுவனத்தின் அடையாளம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். 2020-ல் முதல் பெட்டி வாங்கினேன். நியூ ஜெர்சியில் என் வீட்டில் அப்போது ஹியூமிடார், அதாவது சிகாரை ஈரப்பதம் மாறாமல் வைக்கும் பெட்டி, கிடையாது. சப்பாத்தி வைக்கும், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் உள்காற்றை 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கும் சின்ன உறை ஒன்றைப் போட்டு மூடி வைத்தேன். அந்த 25-ல் ஒன்றுகூடச் சோடை போகவில்லை. கோடு போட்டது போல் நேராக எரிந்தது. சாம்பல் ஓர் அங்குலம் வரை விழாமல் நின்றது.

இவ்வளவு நல்ல பொருளை சப்பாத்தி டப்பாவில் வைப்பதா என்று மனசு கேட்கவில்லை. 2022-ல் நல்ல விலை கொடுத்து ஒரு மர ஹியூமிடார் வாங்கினேன். உள்ளே ஸ்பானிஷ் சீடார் பலகை, மூடியில் பித்தளை வளையத்துக்குள் முள் வைத்த ஈரமானி. மூடியைத் திறந்தாலே அறை முழுக்க மரவாசனை. முள் 70-ல் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் 70-ல் வைத்தேன். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்து முள் இறங்கும்போதெல்லாம் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டு, மறுபடி 70-க்குக் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது தலைவலி. ஒரு பக்கம் மட்டும் எரிந்து படகு போல ஆகும். லைட்டரால் சரிசெய்தால் அடுத்த பக்கம் போகும். சில சமயம் நடு மட்டும் உள்ளே எரிந்துபோய் மேலிலை அப்படியே வெறும் கூடாக நிற்கும். அரை மணியில் அணைந்துவிடும். மறுபடி பற்றவைத்தால் கரிக்கசப்பு. இழுப்பு இறுகி, கன்னம் வலிக்க உறிஞ்ச வேண்டியிருந்தது. நாக்கின் நுனியில் சுட்டது போல ஒரு எரிச்சல் அடுத்த நாள் வரை இருக்கும். கொக்கோ எங்கே போனது என்றே தெரியவில்லை.

வாரம் முழுக்க உழைத்துவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குகிறேன். அந்த நேரத்தில் கையில் லைட்டரோடு ஒரு இலைக்கட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் வராதா? வந்தது. பெயர் கெட்டுவிட்டது, இலையைப் பழக்காமல் அனுப்புகிறார்கள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். போலிச் சரக்கோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். சிகாரின் இரண்டாவது பட்டையில் இருக்கும் வரிசை எண்ணைச் சரிபார்த்தேன். எல்லாம் அசல்தான். நான் அன்று சொன்னதெல்லாம் அநியாயம். அதை இங்கே திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பிடிபட்டது ஒரு கடையில். அங்கே உட்கார்ந்து பிடிக்க ஓர் அறை உண்டு. நான் வீட்டிலிருந்து கொண்டுபோன எக்ஸ்க்ளூசிவோ வழக்கம்போல் அணைந்தது. கடைக்காரர் அதை வாங்கி, இரு விரலால் லேசாக அமுக்கினார். பஞ்சு போல அமுங்கி, எழவே இல்லை. தன் அலமாரியிலிருந்து அதே சிகார் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அமுக்கினால் கொஞ்சம் கொடுத்து, உடனே எழுந்து நின்றது. "உங்கள் பெட்டியில் ஈரப்பதம் எவ்வளவு?" என்று கேட்டார். 70 என்றேன். "யார் சொன்னது, முள்ளா? உப்புப் பரீட்சை வைத்தீர்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து அன்று இரவே வைத்தேன். பாட்டில் மூடி ஒன்றில் சாப்பாட்டு உப்பு. அதில் சில சொட்டுத் தண்ணீர். கரையக் கூடாது, ஈர மணல் மாதிரி இருந்தால் போதும். அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி ஒரு நாள் வைக்க வேண்டும். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் கொண்டுவந்து நிறுத்தும். முள்ளும் 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது.

அப்படியென்றால் அது 70 என்று சொன்ன நாளெல்லாம் பெட்டிக்குள் 77. அவ்வளவு ஈரத்தில் இலை ஊதிப்போய் உள்ளே காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும். நெருப்பு முதலில் தண்ணீரைத்தான் விரட்ட வேண்டும். அந்த ஆவிதான் நாக்கைச் சுட்டது. மதூரோ மேலிலை தடிப்பானது, எண்ணெய்ப்பசை உள்ளது. அது நனைந்தால் உள்ளிலையோடு சேர்ந்து எரியாமல் பின்தங்கும். நான் பட்ட ஒவ்வொரு தொல்லைக்கும் காரணம் அதற்குள் இருந்தது. மாதம் இரண்டு என்று வைத்தாலும் சுமார் 60 சிகார். ஆயிரம் டாலருக்குக் குறையாது. சின்ன வளையத்துக்குள் இருந்த ஒரு முள்ளை நம்பி அத்தனையையும் ஈரமாகப் பிடித்திருக்கிறேன். எழுதும்போதுகூட ஆத்திரம் அடங்கவில்லை. அத்தனை விலை வைத்த பெட்டியில், அதன் வேலையே சரியாக அளந்து காட்டுவதுதான் என்கிற ஒரு பொருளை இப்படியா வைப்பது!

என் தாத்தா திண்டுக்கல் பக்கம். வாழ்நாள் முழுக்க சுருட்டுப் பிடித்தவர். ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் 'சுருட்டு'தான். ஐப்பசி அடைமழையில் அவர் சுருட்டை மடியில் வைக்க மாட்டார். அடுப்புக்கு மேலே உள்ள பரணில் துணியில் சுற்றி வைப்பார். எடுத்ததும் காதோரம் வைத்து உருட்டுவார். சரசரவென்று சத்தம் வந்தால்தான் நெருப்பு. வராவிட்டால் "நமுத்துப்போச்சு" என்று திரும்ப மேலே வைத்துவிடுவார். அப்பளம், முறுக்குக்குச் சொல்கிற அதே சொல். படகு எரிப்பு, சுரங்க எரிப்பு என்று நான் இரண்டு வருடம் படித்த பெயர்கள் அத்தனைக்கும் அந்த ஒரு சொல் போதும். எனக்கு அது தெரிந்த சொல்தான். விலையுயர்ந்த சிகாருக்கும் அது பொருந்தும் என்று தோன்றாமல் போய்விட்டது.

மிச்சமிருந்த சிகார்களைப் பழைய சப்பாத்தி டப்பாவுக்கே மாற்றினேன். 65 உறை, உப்புப் பரீட்சையில் தேறிய ஒரு டிஜிட்டல் ஈரமானி. அவசரப்படக் கூடாது. திடீரென்று காயவைத்தால் மேலிலை வெடிக்கும். பொறுக்காமல் ஒன்றை ஹீட்டர் பக்கத்தில் வைத்து அடி முதல் நடு வரை பிளந்துபோனது. மற்றவை நிலைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. இப்போது பிடிப்பதற்கு முந்தின நாளே ஒன்றை வெளியே எடுத்து, புத்தக அலமாரியில் திறந்து வைக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பின்கட்டில் உட்கார்ந்து பற்றவைத்தேன். மிளகு வந்தது. கால் மணியில் இறங்கியது. பாதியில் கொக்கோ வந்தது, அதன் பின்னால் வறுத்த கொட்டை, அப்புறம் மழை விட்ட பின் மண்சுவரிலிருந்து வருமே அந்த வாசனை. கடைசி இரண்டு அங்குலத்தில் காரம் திரும்பி வந்தது, ஆனால் சுடவில்லை. ஒருமுறைகூட லைட்டரைத் தொடவில்லை. மயாமியில் அன்று நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேனே, அதே சிகார். நான் பிடித்தவற்றில் இதற்கு மேல் ஒன்று இல்லை. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

ஆனாலும் மச்சான், பெட்டி வாங்காதே.

விலை இறங்கியிருக்கலாம். 25 சிகாரைப் பல மாதம் ஒரே நிலையில் வைத்திருப்பது ஒரு வேலை. டல்லாஸ் வெயிலில், ஏசி வீட்டில், உனக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். நான் பட்டதை நீயும் பட்டு, கடைசியில் அந்தச் சிகாரைத் திட்டுவாய். அதை என்னால் கேட்க முடியாது. உன் ஊர்க் கடையில் ஐந்து மட்டும் வாங்கு. வாங்கும்போது அமுக்கிப் பார். டப்பாவில் போட்டு 65 உறை வை. வெறும் வயிற்றில் தொடாதே. உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோட்டின் வாய்வழியே ஏறும், தலை சுற்றும். புற்றுநோய் அபாயமும் அதே வாய்க்கும் தொண்டைக்கும் உண்டு. அதனால்தான் நான் மாதம் இரண்டைத் தாண்டுவதில்லை, நீயும் தாண்டாதே. மர ஹியூமிடார் என்ற பேச்சையே இப்போதைக்கு எடுக்காதே.

என்னுடையது வரவேற்பறையில் காலியாக இருக்கிறது. முள் இன்னும் 70 காட்டுகிறது. டப்பாவில் மூன்று பாக்கி. நாளைக்கு உரியது அலமாரியில் இருக்கிறது, சற்று முன் காதோரம் வைத்து உருட்டிப் பார்த்தேன்.