ஊதா விளக்கு, நாலடி டியூப், குவாண்டம் போர்டு: வீட்டுக்குள் செடிக்கு எது?

அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய தெரு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு என் பிரச்சினை சட்டென்று புரியும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பக்கவாட்டில் ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. தார்சா என்கிற முன்திண்ணையில் நுழைந்தால் பட்டாசல் (நடுக்கூடம்), அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும், நடுவில் பகல் பதினோரு மணிக்கும் லைட் போட்டால்தான் அரிசியில் கல் பொறுக்க முடியும். திருநெல்வேலிச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம், மாடியில் வைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வைத்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் ஒரே காலையில் மிளகாய் நாற்றுத் தட்டு அத்தனையையும் கவிழ்த்து, பிடித்ததைத் தின்று, பிடிக்காததைப் பக்கத்து வீட்டு ஓட்டில் வீசிவிட்டுப் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் பட்டாசலில் ஒரு இரும்பு ரேக், அதன் மேல் விளக்கு என்று இறங்கினேன்.

இரண்டு வருஷத்தில் மூன்று வகை வாங்கிப் பார்த்தாயிற்று: ஆன்லைனில் வாங்கிய ஊதா 'குரோ லைட்', எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை எல்இடி டியூப், அப்புறம் செடிக்கென்றே வரும் குவாண்டம் போர்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்று, கீரை, மைக்ரோகிரீன்ஸ் (முளைத்துச் சில நாளில் அறுத்துத் தின்னும் குட்டிக் கீரை) இவ்வளவுதான் வேண்டும் என்றால் டியூப் போதும், காய் பிடிக்க வேண்டும் என்றால் போர்டு, ஊதா எதற்கும் வேண்டாம். ஜன்னலோரம் தினம் மூன்று நாலு மணி நேரம் நேர் வெயில் விழுகிற வீடு என்றால், கீரைக்கும் நாற்றுக்கும் இந்த மூன்றுமே தேவையில்லை, காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் வெளிச்சத்தை அளந்து பாருங்கள், ஏனென்றால் நம் கண் இந்த விஷயத்தில் பெரிய பொய்யன். போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காட்டினால் 1 லட்சம் லக்ஸ் வரை போகும். அதே போன் என் பட்டாசலில் 80 காட்டியது. போன் சென்சார் துல்லியமானது கிடையாது, ஆனால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க அது போதும். லக்ஸும் லூமனும் மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சை வெளிச்சத்துக்கு அதிக மதிப்பெண் கொடுக்கும். செடிக்கான கணக்கு வேறு: 400 முதல் 700 நானோமீட்டர் வரைக்குமான ஒளியில் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித் துகள்களை எண்ணும் அலகு) விழுகிறது என்பதுதான் அது, அதற்கு பிபிஎஃப்டி என்று பெயர். வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய அந்த எண் வந்துவிடும். ஊதா விளக்குக்கு இந்த வகுத்தல் செல்லாது.

சரி, ஊதாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது ஏன் வந்தது என்பதில் தப்பில்லை. இலையில் இருக்கும் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் அதிகமாக உறிஞ்சும், எல்இடி வந்த காலத்தில் வெள்ளை சிப்புகள் மட்டமாக இருந்தன, அதனால் சிவப்பும் நீலமும் மட்டும் கொடுத்தால் கரண்ட் மிச்சம் என்று நினைத்தார்கள். ஆனால் பச்சை ஒளி வீண் கிடையாது, இலைக்குள் ஆழமாகவும் மேல் இலையைத் தாண்டிக் கீழ் இலைக்கும் போய் வேலை செய்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசா வைத்திருக்கும் 'வெஜ்ஜி' தோட்டப் பெட்டியில்கூட சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்இடியும் உண்டு, 2015 ஆகஸ்ட்டில் விண்வெளி வீரர்கள் அதில் விளைந்த லெட்டூஸைத்தான் தின்றார்கள். இன்று வெள்ளை எல்இடி எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஊதாவைப் பிடித்துத் தொங்க வேண்டிய காரணம் போய்விட்டது.

நான் வாங்கியது அட்டையில் 100 வாட் என்று போட்டிருந்தது. உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க மீட்டர் வாங்க வேண்டாம், வீட்டு ஈபி மீட்டரே சொல்லும். அதில் '3200 இம்ப்/கேடபிள்யூஎச்' என்ற மாதிரி ஒரு எண் அச்சடித்திருக்கும், அதாவது சிவப்புப் பொட்டு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். ஃபிரிட்ஜ் முதல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த விளக்கை மட்டும் போட்டேன். 51 விநாடிக்கு ஒரு மின்னல். கணக்குப் போட்டால் 22 வாட்! விற்றவர்களிடம் கேட்டதற்கு '100 வாட்டுக்குச் சமம்' என்று பதில் வந்தது, எதற்குச் சமம் என்று கடைசி வரை சொல்லவில்லை. நாலாவது மாதம் பாதி சிப் அணைந்துபோனது.

அதைவிடப் பெரிய தொல்லை அந்த நிறத்தில் எதுவுமே தெரியாது. இலை மஞ்சளாகிறதா, அடியில் மாவுப்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் அதை அணைத்துவிட்டு டார்ச் அடிக்க வேண்டியிருந்தது. முதல் நாள் ராத்திரி அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடே இது, சொடல கோயில் கொடைக்கு சீரியல் செட்டு போட்ட மாதிரி இருக்கு" என்றாள். மிச்சம் எரிந்த பாதியைக் கடைசியில் தெருப் பையன்கள் நிஜமாகவே கொடைப் பந்தலுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். நான் திருப்பிக் கேட்கவில்லை.

அடுத்தது டியூப். கடையில் போய், "அண்ணாச்சி, 20 வாட் பேட்டன் ரெண்டு குடுங்க, செடிக்கு" என்றதும் அவர் ஒரு பார்வை பார்த்தார். "செடிக்கு எதுக்குவே லைட்டு, ராத்திரி பயப்படுதோ?" பேட்டன் என்றால் பட்டியோடு சேர்ந்தே வருகிற டியூப், ஒன்று 300 ரூபாய்க்குள் முடிந்தது. நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் 6500 கே என்று நிறத்துக்கு எண் போட்ட வெள்ளைதான் கிடைக்கும், நீலம் கூடுதலாக இருப்பதால் நாற்று குட்டையாகத் தடித்து வர அது நல்லதுதான். வாட் எண்ணை மட்டும் பார்க்காமல் அட்டையில் லூமனைப் பாருங்கள், 20 வாட்டுக்கு 2000 லூமனாவது இருக்க வேண்டும்.

என் ரேக் தட்டு நாலடி நீளம், ஓரடி அகலம். இரண்டு டியூபை நாற்று நுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டபோது போனில் 7500 லக்ஸ், அதாவது 110 மைக்ரோமோல் சுமார். தினம் 14 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்தரை மோல் (ஒரு மோல் என்பது 10 லட்சம் மைக்ரோமோல்). வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு மைக்ரோகிரீன்ஸ் சிரித்துக்கொண்டு வந்தன. மிளகாய், கத்தரி நாற்றுக்கு இது கொஞ்சம் குறைச்சல், லேசாக நெட்டை விட்டது, மூன்றாவது டியூப் போட்டதும் சரியாகிவிட்டது. இங்கே சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் உயரம்தான். நிறையப் பேர் டியூபை மூன்றடி மேலே சுவரில் அடித்துவிட்டு, செடி வரவில்லை, லைட் சரியில்லை என்கிறார்கள். சங்கிலியும் எஸ் கொக்கியும் போட்டுத் தொங்கவிடுங்கள், செடி வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொள்ளலாம். தட்டின் மூன்று பக்கமும் வெள்ளைத் தெர்மாகோல் நிறுத்தினால் சிதறிப்போகிற வெளிச்சம் திரும்பி வரும், டியூப் வாங்குவதைவிட அது மலிவு.

குவாண்டம் போர்டு வேறு ஜாதி. அலுமினியப் பலகை முழுக்க நூற்றுக்கணக்கில் குட்டி வெள்ளை சிப், நடுவே கொஞ்சம் 660 நானோமீட்டர் சிவப்பு, பின்னால் அதற்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கிற தனி டிரைவர். சாதா டியூப் இழுக்கிற ஒரு ஜூல் கரண்டுக்கு ஒன்றரை மைக்ரோமோல் கொடுக்கிற இடத்தில் நல்ல போர்டு இரண்டரைக்கு மேல் கொடுக்கும். இந்த எண்ணை விற்பவர் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் வாங்காதீர்கள், சாம்சங் எல்எம்301 சிப் என்று பெயர் மட்டும் சொன்னால் பத்தாது. என்னுடைய 65 வாட் போர்டு இரண்டுக்கு இரண்டடி இடத்துக்கு 350 மைக்ரோமோல் சுமார் கொடுக்கிறது, 14 மணி நேரத்தில் 17 மோலுக்கு மேல். லெட்டூஸுக்கு அது விருந்து, மிளகாய்க்குக் காய் பிடிக்கத் தட்டுத் தடுமாறிப் போதும். நம் மாடியில் தெளிந்த நாளில் 40 மோலுக்கு மேல் சும்மா கொட்டுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். விலை நாலாயிரத்துக்கு மேல் போனது. மூன்று மிளகாய்ச் செடி வைத்தேன், பூ பூவாக உதிர்ந்தது, வீட்டுக்குள் காற்று இல்லையே, பூவை விரலால் சுண்டிவிட ஆரம்பித்த பிறகுதான் காய் நின்றது. அந்தக் காயையும் பாவூர்சத்திரம் சந்தை விலையையும் அம்மா ஒப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

கரண்ட் செலவுக்கு வருவோம். 14 மணி நேரக் கணக்கில் இரண்டு மாத பில்லுக்கு மூன்று டியூப் 50 யூனிட், போர்டு 55 யூனிட். கிட்டத்தட்ட ஒரே செலவு, ஆனால் போர்டு தருகிற வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல். பில் ஏற்கனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடு என்றால் யோசியுங்கள், அதைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடும்.

மாட்டும்போது சில விஷயம். ஈர மண், இரும்பு ரேக், கரண்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது, அதனால் எர்த் இல்லாத பிளக்கில் போர்டைச் சொருகவே கூடாது, வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற சுவிட்ச்) இல்லை என்றால் முதல் செலவு அதுதான். ஒயர் பிளக்குக்கு வரும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரே அடிக்கிற தண்ணீர் ஒயர் வழியே நேராகப் பிளக்குக்குள் போகும். டைமரில் மெக்கானிக்கல் வாங்காதீர்கள், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும், ஒரு வாரத்தில் செடிக்கு விடியற்காலை மத்தியானத்துக்குத் தள்ளிப் போயிருக்கும். பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் சரி. அக்னி நட்சத்திரத்தில் எங்கள் பட்டாசலே 36 டிகிரி கொதிக்கும், டிரைவருக்கு சூடு ஆகாது, அந்த மாதங்களில் சாயந்திரம் ஆறுக்குப் போட்டுக் காலை எட்டுக்கு அணைகிற மாதிரி மாற்றிவிடுகிறேன். தொடர்ந்து இருட்டு கிடைத்தால் சரி, அது ராத்திரியா பகலா என்று செடி கேட்பதில்லை.

நாற்று ஆறு இலை விட்டதும் மாடிக்குக் கொண்டுபோகிறவர்கள் நேராக வெயிலில் வைத்துவிடாதீர்கள். 150 மைக்ரோமோலில் வளர்ந்தது 2000 மைக்ரோமோலில் ஒரே மத்தியானத்தில் வெளுத்துக் கருகிவிடும். முதல் நாள் காலையில் ஒரு மணி நேரம், அப்புறம் தினம் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம். கம்பி வலைக் கூண்டுக்குள்.