ரங்கூனில் மீன்தொட்டி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஏமாந்ததும் இல்லாமல் அதை ஊருக்கு வேறு சொல்லணுமா என்று வீட்டில் கேட்டார்கள். போன வாரம் கோயிலில் பார்த்த நண்பர் ஒருவர், மகனுக்குத் தொட்டி வாங்க அதே கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. கடைப் பெயரைப் போடவில்லை. இந்த வித்தையைச் செய்கிற கடை அது ஒன்றுதான் என்று நான் நம்பவும் இல்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டடித் தொட்டி, ஸ்டாண்டு, பில்டர், லைட்டு, கூழாங்கல் எல்லாம் சேர்த்து 2,80,000 கியாட். மீன் 21, அதற்கு 75,000. அப்புறம் மருந்து என்று இரண்டு தடவையாக 38,000. பத்தொன்பதாம் நாள் தொட்டியில் மிச்சம் இருந்தது, கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்கிற ஒரே ஒரு சக்கர் மீன்.

பர்மிய வருஷப் பிறப்புத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானுக்கு ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் லீவு, வருஷப் பிறப்புக்கு என்ன வேணும் என்று கேட்டால் மகள் மீன்தொட்டி என்றாள். கடைக்காரர் நம்மாள். வாசலிலேயே "வாங்கண்ணே" என்று தமிழில் கூப்பிட்டார். நான் உளுந்து வியாபாரம் செய்கிறவன். குத்தூசி போட்டு, கையில் கொட்டிப் பார்க்காமல் ஒரு மூட்டை எடுக்க மாட்டேன். அன்றைக்கு அந்த ஒரு "அண்ணே"வில் எல்லாம் மறந்துபோச்சு.

"தொட்டியை இன்னைக்கு வச்சிட்டு மீனை அடுத்த வாரம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். யாரோ எப்போதோ அப்படிச் சொன்ன ஞாபகம்.

"எதுக்குண்ணே? தண்ணி ஊத்தி அரை மணி நேரம் பம்பு ஓடட்டும், மீன விட்டுரலாம். ஒரு மாசத்துக்குத் தண்ணி மட்டும் மாத்திராதீங்க. பாப்பா ஆசையா நிக்குதுல்ல?"

பாப்பா ஆசையாகத்தான் நின்றாள். நான் வேறு ஒன்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்தேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. கேலக்ஸி மீன் இருந்த தொட்டியில் இரண்டு குஞ்சுகள் துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன. ஒன்று கல்லில் பக்கவாட்டில் உரசி உரசிப் போனது, முதுகு அரிக்கிற மாடு மரத்தில் தேய்க்குமே, அந்த மாதிரி. கடைப் பையன் வந்தான், வலையை விட்டான், வெள்ளையாக எதையோ அள்ளி மேசைக்கு அடியில் இருந்த வாளியில் தட்டினான். அதே வலை அடுத்த நிமிஷம் எங்கள் மோலியைப் பிடிக்கப் பக்கத்துத் தொட்டிக்குள் போனது. விளையாட்டு என்று மகள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

வாங்கிய மீன்களின் லட்சணத்தையும் சொல்கிறேன். தங்கமீன் 4, மோலி 6, கேலக்ஸி 10, சக்கர் 1. இந்தக் கேலக்ஸி நம் நாட்டு மீன்தான். 2006-இல் ஷான் மாநிலத்தில் ஹோபோங் பக்கம் ஒரு குட்டையில் கண்டுபிடித்து, உலகம் முழுக்கத் தொட்டிக்காரர்கள் அடித்துப்பிடித்து வாங்கியது. இரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். நீலக்கறுப்பு உடம்பில் முத்துமுத்தாகப் புள்ளி. அது வாழ்வது கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டர் மேலே, குளிர்ந்த தண்ணீரில். ஏப்ரல் மாத ரங்கூனில் எங்கள் தொட்டித் தண்ணீர் 32 டிகிரி. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. தங்கமீன் வாயில் அடங்குகிற எதையும் தின்னும் என்பதையும் சொல்லவில்லை. மறுநாள் காலை மகள் எண்ணினாள், கேலக்ஸி ஏழுதான் இருந்தது.

புதன்கிழமை தண்ணீர் பால் கலந்த மாதிரி கலங்கியது. மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. போன் போட்டேன். "கிருமிண்ணே, வந்து பவுடர் வாங்கிட்டுப் போங்க" என்றார். மஞ்சள் பொடி, பாக்கெட்டில் டெட்ராசைக்ளின் என்று இருந்தது. போட்டதும் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. வெள்ளிக்கிழமை மோலியின் வாலிலும் செவுள் மூடியிலும் ரவை ஒட்டினமாதிரி வெள்ளைப் புள்ளி. திரும்பவும் ஓடினேன். இந்தத் தடவை பச்சை மருந்து. "ஒரு தடவை ஊத்துனாப் போதும், அப்படியே உதுந்துரும்."

சனிக்கிழமை கடை பூட்டு. திஞ்சான் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் திறப்பார்களாம். போன் எடுக்கவில்லை.

எதிர்வீட்டு ஊலே (பர்மிய மொழியில் மாமா) இல்லையென்றால் என்ன நடந்தது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது. இருபது வருஷமாக மீன் வளர்க்கிறவர். திஞ்சான் இரண்டாம் நாள், தெருவே தண்ணீர் ஊற்றி ஆடிக்கொண்டிருக்கிறது, இவர் சொட்டச் சொட்ட நனைந்த லுங்கியோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயையும் தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டித் தண்ணீரை அதில் எடுத்துச் சொட்டு விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக நிற்கவேண்டியது கரும்பச்சை ஆனது. அம்மோனியா, மீனுக்கு விஷம். மீன் செவுள் வழியாகவே விடுகிறது, மிச்சத் தீனியும் கழிவும் அழுகியும் வருகிறது. பழகிய தொட்டியில் பில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட் ஆக்கும், அப்புறம் வேறு கிருமிகள் அதை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். அந்தக் கிருமிக் குடும்பம் உருவாக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நம்மாள் கொடுத்தது அரை மணி நேரம். முதல் மூன்று நாள் வாய் பிளந்ததுக்கு நோய் காரணமே இல்லை. பாதித் தண்ணீரை மாற்றியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அதைத்தானே மாற்றாதே என்று சொல்லி அனுப்பினார்! மேலே போட்ட மஞ்சள் பொடி, அப்போதுதான் முளைக்க ஆரம்பித்த நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்றிருக்கும் என்றார் ஊலே.

வெள்ளைப் புள்ளி மட்டும் கடையிலிருந்து வந்தது. அது கிருமியே இல்லை, ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் புகுந்து தின்று பெருத்து, உதிர்ந்து, தரையில் கூடு கட்டி, ஒன்று நூற்றுக்கணக்கில் பிரிந்து நீந்திவரும். நீந்தும்போது மட்டும்தான் மருந்து அதைத் தொடும். மீன்மேல் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் ஒன்றும் செய்யாது. அதனால் தான் ஒருதடவை ஊற்றினால் போதாது. புள்ளி மறைந்த பிறகும் சில நாள் விடாமல் தொடர வேண்டும். இன்னொன்று, பில்டரில் கரி இருந்தால் மருந்தை அது உறிஞ்சிவிடும். எங்கள் பில்டரில் கரி இருந்தது. அதை மாட்டிக் கொடுத்தவரும் அவர்தான், மருந்து கொடுத்தவரும் அவர்தான்.

ஊலே பச்சைப் பாட்டிலைக் கையில் வாங்கி ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அடியில் இன்னொரு லேபிள். மேலே ஒட்டியதில் அடுத்த வருஷத் தேதி, அடியில் இரண்டு வருஷத்துக்கு முன்பே முடிந்த தேதி. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் முகம் சுட்டது.

அன்றிலிருந்து தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன். கரியை எடுத்தாச்சு. லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கரண்ட் வந்துபோய்க்கொண்டிருக்கும் ஊர் இது, பம்பு நின்றால் மீனுக்கு மூச்சு நின்றமாதிரி. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. பேட்டரி பம்பு ஒன்று வாங்கி வைத்திருக்கவேண்டும் என்று முதல் நாளே கடையில் சொல்லியிருக்கணும். அதில் லாபம் கம்மியோ என்னவோ. வாங்கி வருவதற்குள் இரண்டு ராத்திரி போய்விட்டது, தங்கமீன் நாலும் போய்விட்டது.

கடை திறந்ததும் பாட்டிலோடு போனேன். கதை தலைகீழாகியிருந்தது. "தண்ணி மாத்தலியாண்ணே? மாத்தாம விட்டா சாகாம என்ன செய்யும்?" என்றார். லேபிளைக் காட்டினேன். கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பியது, எனக்கென்ன தெரியும் என்றார். பில்லின் அடியில் பர்மியில் பொடி எழுத்தில் ஒரு வரி: உயிருள்ளவை திரும்ப எடுக்கப்படாது. மருந்துக்கு உயிர் இல்லையே என்றேன். கடைசியில், மனசு கேக்கலண்ணே என்று ஆறு மோலியைப் பையில் போட்டு நீட்டினார். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றின் வாலில் ரவை. மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் போனால், எந்தக் கடையாக இருந்தாலும், மீனைவிட வலையைப் பாருங்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலை என்றால் ஒரு தொட்டி நோய் எல்லாத் தொட்டி நோயும்தான். நீங்கள் பார்க்கத் தீனி போடச் சொல்லுங்கள், வந்து தின்னாத மீனை எடுக்காதீர்கள். பைத் தண்ணீரை உங்கள் தொட்டிக்குள் கொட்டாதீர்கள். மருந்து வாங்கினால் லேபிளை நகத்தால் ஒருதரம் சுரண்டிப் பாருங்கள், கடைக்காரர் முன்னாலேயே.

சக்கர் மீன் இன்னும் இருக்கிறது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு மகளைப் பார்க்கிறது. இது ஓரடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டி பற்றாது என்பதும் ஊலே சொல்லித்தான் தெரியும். அதன் கழிவிலேயே தொட்டி மெதுவாகப் பழகட்டும் என்று விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள்தான் சொட்டு விட்டுப் பார்த்துக் காலண்டரில் குறிக்கிறாள். அம்மோனியா போன வாரம் மஞ்சளுக்கு வந்துவிட்டது. நைட்ரைட் குழாய் வான நீலத்தில் நிற்க வேண்டும், நேற்றும் ஊதாதான். மீன் இன்னும் வாங்கவில்லை.