ஐடி-யா, ஜோசமா, ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டா: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எதில் திருத்துவது?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு தொடங்கியவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் எந்த எடிட்டரில் வேலை செய்வது என்பதுதான். புதியவர் என்றால் ஐடி, கை பழகிய பிறகு ஜோசம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அனுபவத்தைவிட, கையில் இருக்கும் தகவல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். செயற்கைக்கோள் படத்தில் பார்த்ததா, தெருவில் நின்று கண்ணால் பார்த்ததா? கருவி அதைப் பொறுத்தது.

ஐடி பிரவுசரிலேயே திறக்கும், 2013 முதல் தளத்தின் இயல்பான எடிட்டர் அதுதான். படத்தின் மேல் ஒரு கோடு வரைந்து, இது குடியிருப்புச் சாலை என்று பட்டியலில் தேர்ந்தெடுத்தால் டேக்கை, அதாவது அது என்ன பொருள் என்று சொல்லும் குறிச்சொல்லை, அதுவே போட்டுவிடும். கட்டடத்தின் மூலைகளைச் சதுரமாக்க க்யூ விசை போதும், சாலை கட்டடத்தின் மேல் ஏறிப் போனால் எச்சரிக்கவும் செய்யும். விடுபட்ட சாலை, கட்டடம் வரைய இதற்கு மேல் பலருக்குத் தேவைப்படாது.

ஜோசம் தேவைப்படும் இடம் வேறு. நீளமான பேருந்து வழித்தடத்தை ரிலேஷனாக (பல சாலைத் துண்டுகளைச் சேர்த்த ஒரே தொகுப்பாக) வைத்திருக்கிறார்கள், அதில் எங்கோ ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது என்றால், ஐடியில் தேடித் தேடிக் கண் வலிக்கும், ஜோசமின் ரிலேஷன் சன்னலோ தொடர்ச்சி எங்கே அறுகிறது என்று கோடு போட்டே காட்டிவிடும். ஜாவாவில் ஓடுவது, தனியாக நிறுவ வேண்டும், பகுதியை முதலில் இறக்கிக்கொண்டு பிறகுதான் திருத்த வேண்டும். தேடல், வடிகட்டி, ப்ளக்இன் என்று பலம் அதிகம். அந்தப் பலமே ஆபத்தும். ஒரே சேஞ்ச்செட்டில் (ஒன்றாகச் சேமிக்கும் திருத்தங்களின் தொகுப்பில்) 10,000 பொருள்கள் வரை மாற்றலாம் என்பதால், தவறான ஒரு தேடலை நம்பி டேக்கை மாற்றினால் அடுத்தவர்களின் பல மாத உழைப்பு கெட்டுப்போகும். மொத்தமாக மாற்றுவதற்கு முன் அந்தப் பகுதிச் சமூகத்திடம் பேசிவிடுங்கள்.

இப்போது ஸ்ட்ரீட்கம்ப்ளீட். இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு செயலி. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி வரைபடத்தில் இல்லாத விவரங்களைக் கேள்வியாகக் கேட்கும்: இந்தச் சாலை தார் போட்டதா, மண்சாலையா? படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா? கடை எப்போது திறக்கும்? சக்கர நாற்காலி உள்ளே போகுமா? டேக் எதுவும் தெரிய வேண்டியதில்லை, இணையம் இல்லாவிட்டாலும் பதில்களைச் சேர்த்து வைத்துப் பிறகு ஏற்றலாம். பழைய பதில்களைச் சில வருடங்கள் கழித்து மறுபடி கேட்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் வரைபடம் வரையாமல் கெடுவதைவிட வரைந்தபின் கவனிப்பாரின்றிக் கெடுவதுதான் அதிகம். ஆனால் இதில் புதிய சாலை வரைய முடியாது.

செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைவதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 2010 ஜனவரியில் ஹைத்தி நிலநடுக்கத்துக்குப் பிறகு, உலகின் எங்கெங்கோ உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள்தான் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத் தெருக்களைப் படங்களைப் பார்த்து வரைந்தார்கள், மீட்புப் பணிக்கு அது உதவியது. ஆனால் தெருவின் பெயரோ கடை நேரமோ வானத்திலிருந்து தெரியாது. அதற்கு ஒருவர் நடந்தே ஆக வேண்டும், அப்படி நடப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் கிடையாது. கடைகள், முகவரிகள் சேர்க்க எவ்ரிடோர் நல்லது, அது ஆண்ட்ராய்டிலும் ஓடும். முழுத் திருத்தத்துக்கு கோமேப் இருக்கிறது.

இந்த எடிட்டர்கள் எல்லாவற்றுக்கும் கணக்கு ஒன்றுதான், போய்ச் சேரும் தரவுத்தளமும் ஒன்றுதான். அதனால் நடக்கும்போது செயலி, வீட்டுக்கு வந்ததும் ஐடி என்று தாராளமாகக் கலந்து பயன்படுத்தலாம். அப்புறம், எதில் திருத்தினாலும் கூகுள் மேப்ஸைப் பார்த்துப் பெயர் எழுதாதீர்கள். பதிப்புரிமைப் பிரச்சினை அது, தெரியவந்தால் உங்கள் திருத்தத்தை நீக்கிவிடுவார்கள்.