ஹார்மனி படிக்க எங்கே போவது: திருவனந்தபுரமா, சென்னையா, ஊரிலேயே கிரேடு தேர்வா?

குமரி மாவட்டத்தில் நாலு பார்ட்டில் (பெண்களின் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களின் டெனர், பாஸ் என்று நாலு குரலாகப் பிரிந்து) பாடும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. நெய்யூர், மார்த்தாண்டம், மயிலாடி, நாகர்கோவில் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கொயர் இருக்கும். இரட்சணிய சேனைக்காரர்களிடம் பேண்டு இருக்கும். அப்படி வளர்ந்த ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்துவிட்டு, "பாடினா மட்டும் போதாது, இந்த நாலு பார்ட்டை எப்படி எழுதுறாங்கன்னு முறையா படிக்கணும்" என்று கேட்கும்போதுதான் வீட்டில் குழப்பம் தொடங்குகிறது. ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள்.

எந்த வழியானாலும் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: பிள்ளை எழுதியதை உட்கார்ந்து திருத்த ஆள் உண்டா? எழுதியதைப் பாடிக் கேட்க வாய்ப்பு உண்டா? ஹார்மனி, அதாவது பல குரல்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் கலை, வாசித்துத் தெரிந்துகொள்ளும் பாடம் அல்ல. டெனரும் பாஸும் ஐந்தாம் இடைவெளியை (ச-ப தூரத்தை) விடாமல் சேர்ந்தே நகர்ந்தால் இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டு, நாலு பார்ட் மெலிந்து கேட்கும். 'டீ' (நம் நி) மேலேறி 'டோ'வில் (நம் ச) முடிய வேண்டும். கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தின்) ஏழாம் சுரம் ஒரு படி இறங்க வேண்டும். இதையெல்லாம் ஒருவர் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டி, நாமும் அழித்து எழுதி, மறுபடி பாடிப் பார்த்தால்தான் காதில் ஏறும்.

முதலில் திருவனந்தபுரம். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி 1939இல் தொடங்கியது. முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அன்றைக்கு நம் பகுதியும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அரசுக் கல்லூரி என்பதால் செலவு கட்டுப்படியாகும். குழித்துறையிலோ நாகர்கோவிலிலோ காலையில் ரயில் ஏறி, சாயங்காலம் வீடு திரும்பலாம். ஆனால் அங்கே வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம் எல்லாமே கர்நாடக சங்கீத வழி. வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள்: தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். கொயரில் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) பார்த்து வாசிக்கும் பிள்ளை அதே வாத்தியத்தை முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்), ராக லட்சணம், தாளம், கமகம் (சுரத்தை அசைத்துப் பாடுவது) எல்லாம் ஆழமாகக் கிடைக்கும். ஹார்மனியை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

அதற்காக அந்தப் படிப்பை ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. நம் ஆலயங்களில் கீர்த்தனைகளுக்கு கீபோர்டில் கார்ட் போடும்போது கேட்டிருப்பீர்கள்; சங்கராபரணத்தில் தடையில்லாமல் ஓடுகிற கை, மாயாமாளவகௌளையில் வந்து முட்டி நிற்கும். காரணம் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது. சங்கராபரணத்தில் ப-நி-ரி முழு மேஜர் கார்ட் (பிரகாசமாக ஒலிக்கும் மூன்று சுரக் கார்ட்), அழகாக ச-க-ப வில் போய் முடியும். மாயாமாளவகௌளையில் ரிஷபம் சுத்த ரிஷபம், அதாவது அரைப்படி கீழே. அதனால் பஞ்சமத்தின் மேல் எழுப்பும் கார்டில் ஐந்தாம் இடைவெளி குறைந்துபோகிறது. வழக்கமான முடிப்பு அங்கே எடுபடாது. அப்புறம் ரி-ம-த என்று கட்டிப் பார்த்தால் அது முழு மேஜராகவே வரும். ஆனால் அது ச-க-ப வுக்குச் சரியாக அரைப்படி மேலே உட்கார்ந்திருக்கிறது. அப்படியே இறக்கினால் மூன்று சுரமும் கூட்டமாக இறங்கும், ஐந்தாம் இடைவெளித் தவறு அங்கேயே வந்துவிடும். மத்திமத்தை பாஸுக்குக் கொடுத்து, தைவதத்தை நடுவிலும் ரிஷபத்தை அதற்கு மேலேயும் வைத்தால் அந்த ஐந்து நான்காகத் திரும்பும், தவறும் போகும். நாலாவது குரலை எதிர்த்திசையில் நகர்த்தினால் இன்னும் நல்லது. இப்படி யோசிக்க ராகமும் தெரிந்திருக்க வேண்டும், குரல் நகர்த்தும் விதியும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் நம் சபைகளுக்கு எவ்வளவு பெரிய கொடை!

சென்னை என்றால் எல்லோரும் சொல்வது ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி. மேற்கத்திய தியரி (இசை இலக்கணம்), காதுப் பயிற்சி, பியானோ, குரல், இசைத் தொழில்நுட்பம், கூடவே இந்துஸ்தானி. நான் சொன்ன இரண்டு கேள்விக்கும் அங்கே நல்ல பதில் கிடைக்கும். காலையில் எழுதியதை மதியம் பாட, வாசிக்க பக்கத்திலேயே சக மாணவர்கள் இருப்பார்கள். ஆனால் தனியார் கட்டணம், ஹாஸ்டல், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரிப் பயணம் என்று செலவு வேறு கணக்கு. ஸ்டாஃப் வாசிக்கவே தடுமாறுகிற பிள்ளையை அனுப்பினால் முதல் வருடம் அடிப்படையிலேயே போய்விடும். அரசு வேலையும் மனதில் இருந்தால், தரும் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்துடையது, இங்கே பட்டமாகச் செல்லுமா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஊரிலேயே இருந்து படிப்பது மூன்றாவது வழி. பகலில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பி.காம்., பி.ஏ. ஏதாவது ஒன்று, மாலையில் லண்டன் அமைப்புகளின் கிரேடு தேர்வு (1 முதல் 8 வரை படிப்படியாக ஏறும் இசைத் தேர்வு). பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். அந்த அமைப்புகளில் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி இரண்டில் எது என்று கேட்பார்கள். ஏபிஆர்எஸ்எம்மில் கிரேடு 6 வாத்தியத் தேர்வுக்குப் போக, கிரேடு 5 தியரியோ அதற்கு இணையானதோ வேண்டும். டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. தியரி வேண்டும் என்று வருகிற பிள்ளைக்கு அந்தக் கட்டாயமே நல்லது. ஆனால் ஏபிஆர்எஸ்எம்மின் முதல் ஐந்து கிரேடு தியரி ஆன்லைன் தேர்வு. கிரேடு 5இல் 75க்கு 50 எடுத்தால் பாஸ். அது வாசிப்பறிவைச் சோதிக்கும், நாலு பார்ட் எழுத வைக்காது. உண்மையான ஹார்மனி 6, 7, 8இல்தான் இருக்கிறது. நம் பிள்ளைகளில் அநேகம் பேர் 5 கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். எட்டுக்கு அப்புறம் டிரினிட்டியில் ஏமஸ்டிசிஎல் என்ற தியரி டிப்ளமா இருக்கிறது; அதன் தரம் பட்டப்படிப்பின் முதல் ஆண்டுக்குச் சமம்.

இந்த வழியின் பலவீனம் ஆசிரியர். தேர்வுப் பாட்டு மூன்றை வருடம் முழுக்க வாசிக்க வைத்து, தியரியைப் பழைய வினாத்தாளில் முடித்துவிடும் இடங்கள் உண்டு. சேருவதற்கு முன் ஒரு பாமாலை மெட்டின் எட்டு பாரை (தாளக் கட்டத்தை) நீட்டி, "மிச்ச மூன்று குரலையும் எழுதிக் காட்ட முடியுமா சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். தெரிந்தவர் சந்தோஷமாக எழுதுவார்.

இணையத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். கோர்செரா என்ற இணைய வகுப்புத் தளத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் அடிப்படைத் தியரி வகுப்பு இருக்கிறது. ஐஎம்எஸ்எல்பி என்ற இசைக்குறிப்புத் தளத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோரல்கள் (நாலு குரல் ஆலயப் பாட்டுகள்) இலவசம். மியூஸ்கோர் மென்பொருளில் எழுதினால் உடனே வாசித்தும் காட்டும். ஆனால் மென்பொருளுக்கு மூச்சு வாங்காது; டெனர் குரல் உச்சியிலேயே நாலு வரி நிற்கிறது என்று அது சொல்லாது. சனிக்கிழமை ராத்திரி கொயர் பயிற்சியில் பாடும் அண்ணன்மார் உடனே சொல்லிவிடுவார்கள். டோ-ரே-மீ எழுத்தில் பாடிப் பழகிய மூத்தவர்கள் சபையில் இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். 'டீ' எங்கே போக வேண்டும் என்பது அவர்கள் காதிலேயே இருக்கிறது.

சென்னைதான் ஆசை என்றாலும் ஒன்பதாம் வகுப்பிலேயே தியரி தொடங்கிவிடுங்கள். பிளஸ் டூ முடிக்கும்போது கிரேடு 5 கையில் இருந்தால் கன்சர்வேட்டரியின் முதல் நாளே பிள்ளைக்குப் புரியும். திருவனந்தபுரம் போகிற பிள்ளை அங்கே படிக்கும் காலம் முழுக்க, வாரம் ஒரு ஹார்மனிப் பயிற்சியாவது எழுதி ஊர் ஆசிரியரிடம் திருத்தி வாங்க வேண்டும்.