மலைவீட்டு அடுப்புக்கு எந்த விறகு? கிராண்டிஸ், வாட்டில், தேயிலைக் கட்டை

மூணாறு, தேவிகுளம், வட்டவடை பக்கம் கேஸ் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் விறகடுப்பை யாரும் இடித்துப் போட்டுவிடவில்லை. 14.2 கிலோ சிலிண்டரில் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் குளிக்க வெந்நீர் வைத்தால் மாதம் தாங்குமா? மார்கழி, தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் ராத்திரிகளில் குளிர் காயவும் விறகுதான் வேண்டும்.

விறகு வாங்கும்போது மரத்தின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. நன்றாகக் காய்ந்துவிட்டால் எந்த மரமானாலும் கிலோவுக்குக் கிடைக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 4,000 கிலோகலோரி. கனமான மரத்தில் அதே அளவுக் கட்டைக்குள் எடை அதிகம் என்பதால் சூடும் அதிகம். நின்று எரியும், தணலும் விடும். அதனால் லோடு கணக்கில் வாங்குகிறவர் மரத்தைப் பார்க்க வேண்டும், எடை போட்டு வாங்குகிறவர் ஈரத்தைப் பார்க்க வேண்டும். அன்று வெட்டிய பச்சை மரத்தில் பாதி தண்ணீர். 10 கிலோ வாங்கினால் 5 கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு கிலோவும் ஆவியாகிப் போக 600 கிலோகலோரிக்கு மேல் தின்றுவிடும். மிச்சமிருப்பது புகையும் கண்ணெரிச்சலும்.

எஸ்டேட் விறகு என்றாலே இங்கே கிராண்டிஸ்தான். தைலமர வகை, தேயிலை ஃபேக்டரிகளில் இலை உலர்த்தும் அடுப்புக்காக மலை மலையாக நட்டது. நெட்டையாக, கணு இல்லாமல் வளர்வதால் துண்டு போடுவது சுலபம். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு நார் முறுக்கிக்கொள்ளும், கோடாலி மாட்டிக்கொண்டு நிற்கும். காய்ந்த கிராண்டிஸ் சட்டென்று பிடிக்கும், ஜுவாலை நன்றாக வரும். சோறு வடிக்க, கடுங்காப்பி போட, அவசரத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தணல் நிற்காது. ஈரக் கட்டையை அடுப்பில் வைத்துப் பாருங்கள்: முன்பக்கம் எரியும்போதே பின்பக்க வெட்டுவாயில் பழுப்பாக நுரை கட்டி உஸ்ஸென்று சீறும், சொட்டுச் சொட்டாகத் தரையில் வடியும். இந்த விறகு இன்னும் மூன்று மாதம் வெயில் பார்க்க வேண்டியது.

என் ஓட்டு வாட்டிலுக்கு. நீலகிரிக்காரர்கள் சீகை மரம் என்பார்கள். தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்த ஆஸ்திரேலிய மரம். கிராண்டிஸை விடக் கனம், ஜுவாலையும் உண்டு தணலும் உண்டு. ஒரே அடுப்பில் குழம்பும் கொதிக்க வேண்டும், அப்புறம் தணலைத் தள்ளி வைத்துக் கைகாலும் காய வேண்டும் என்கிற வீட்டுக்கு இதுதான் பொருத்தம். தடி பெருக்காதது ஒரு வசதி. பிளக்கிற வேலை குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டவடை, கொட்டாக்கொம்பூர் பக்கம் 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவித்தார்கள். குறிஞ்சி பூக்கிற புல்வெளியை இந்த வாட்டில் வளைத்துப் பிடித்துக்கொண்டே போகிறது. அடுப்பில் போனால் அழ ஆளில்லாத மரம் இது ஒன்றுதான். அதற்காகக் காட்டுக்குள் போய் வெட்டிவிட முடியாது, வனத்துறை கேஸ் போடும். பாஸ் உள்ள சரக்காகப் பார்த்து வாங்க வேண்டும்.

குளிருக்கு மட்டும் என்றால் மலையில் கிடைக்கும் விறகில் தேயிலைக் கட்டையை எதுவும் மிஞ்சாது. பழைய தேயிலைக் காட்டைப் பிடுங்கி மறுநடவு செய்யும்போதுதான் கிடைக்கும். வருஷக்கணக்கில் கவாத்து வாங்கி வாங்கி முடிச்சு முடிச்சாக இறுகிப்போன மரம். நேராக ஒரு சாண் கூடப் பிளக்காது; வேரிடுக்கில் சரளைக்கல் ஒளிந்திருக்கும், கோடாலி வாய் போய்விடும். பற்ற வைக்க வேறு விறகு வேண்டும். ஆனால் ஒரு தரம் பிடித்துவிட்டால் ராத்திரி மூடி வைத்த தணல் விடியக்காலையில் சாம்பலைக் கிளறினால் சிவப்பாக இருக்கும். நாலு சுள்ளி போட்டு ஊதாங்குழலில் ஊதினால் போதும். பிளக்க ஆள் வைத்தால் கூலிக்குக் கட்டாது. வீட்டில் தெம்புள்ள ஆள் இருந்தால் மட்டும் இறக்குங்கள்.

தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் லேசான மரம், கடகடவென்று எரிந்து முடியும். பற்ற வைக்கிற சிராய்க்குச் சரி. அடிமாலிக்குக் கீழே மலிவாகக் கிடைக்கும் ரப்பர் விறகும் ஏறக்குறைய அந்த ரகம்தான், தவிர அதில் பூசணமும் வண்டும் சீக்கிரம் ஏறும். மழைக்கு முன்னால் எரித்துத் தீர்க்க முடியுமென்றால் வாங்கலாம். போடி, உடுமலை பக்கத்துச் சீமைக்கருவேலும் புளியும் தரத்தில் இவை எல்லாவற்றுக்கும் மேல். ராமநாதபுரத்தில் கரிமூட்டம் போடுவதும் சீமைக்கருவேலில்தானே. ஆனால் மலையேற்றி வர லாரி வாடகை கொடுத்தால் கேஸே மலிவு. கல்யாண வீட்டுக்கு இறக்கினால் சரி.

எந்த விறகானாலும் மாசி, பங்குனி வெயிலிலேயே பிளந்து, தரையில் படாமல், காற்று போகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவிட வேண்டும். ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரை இங்கே எதுவும் காயாது. முனையில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு கட்டையை மோதிப் பாருங்கள். கணீரென்றால் காய்ந்தது, மொத்தென்றால் பச்சை. அரளிக் கட்டை கலந்திருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள், அதன் புகையே விஷம்.

தேயிலைக் கட்டையோ வாட்டிலோ, தணல் நின்று கனிகிற விறகில் ஒரு வில்லங்கம் உண்டு. கணப்புச் சட்டியில் தணலை அள்ளிக்கொண்டு போய், கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் வைத்துத் தூங்கக் கூடாது. புகை இல்லையே என்று நினைப்போம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். படுக்கப் போகுமுன் சட்டியை வெளித்திண்ணைக்குக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.