“வாள் எங்க பொறுப்பு, நீங்க உடையோட வந்தா போதும்” என்று சொல்லும் திருவிழா ஏற்பாட்டாளர்களிடம் கவனம்

அமெரிக்காவில் ரெனைசன்ஸ் திருவிழா (பழைய ஐரோப்பியக் காலத்து உடையும் வேடிக்கையுமாக நடக்கும் திருவிழா) சீசன் வந்தால் வார இறுதி வாள்சண்டைக்கு ஆள் தேடும் படலமும் தொடங்கிவிடும். அப்படி ஆள் எடுத்த ஓர் ஏற்பாட்டாளர் கொடுத்த வாள், சனிக்கிழமை இரண்டாவது காட்சியில் கைப்பிடியை விட்டுக் கழன்று பறந்தது. எண்பது சென்டிமீட்டர் நீள இரும்பு, முன்வரிசை வைக்கோல் கட்டுக்கு ஒரு கை தூரத்தில் போய் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. அதே பெட்டியில் இருந்த மற்ற வாள்களோடு மேலும் ஆட முடியாது என்றதும், ஆடாத காட்சிக்குக் காசு கிடையாது என்று பேசிய தொகையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். உடைந்த வாளுக்கும் விலை கேட்டார்கள்.

பெயர் போடவில்லை. இதே பெட்டி அடுத்த ஊரில் வேறு பெயரில் இறங்கும், அதனால் பெட்டியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1963-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வார இறுதியாகத் தொடங்கியது இந்தத் திருவிழா வழக்கம். டெக்சாஸில் 1974 முதல் நடப்பது போன்ற பழைய, பெரிய திருவிழாக்களுக்கு ஆண்டுதோறும் வரும் குழுக்கள் உண்டு; அவர்கள் தங்கள் ஆயுதங்களைத் தாங்களே கொண்டுவந்து, தாங்களே பராமரிப்பார்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் மைதானத்தை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்து நடத்தும் சின்னத் திருவிழாக்களில். அங்கே ஆளும் வாடகை, வாளும் வாடகை. அந்த வாள் இதற்கு முன் யார் கையில், எத்தனை அடி வாங்கியது என்று யாருக்கும் தெரியாது.

முறிந்த இடத்தை உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். அலகு நான்கு சென்டிமீட்டர் அகலம். அது அப்படியே ஒடுங்கிக் கைப்பிடிக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடியைச் சதுரமாக வெட்டி, ஆறு மில்லிமீட்டர் மரைக் கம்பி ஒன்றை அதில் வெல்டிங் வைத்து, கம்பியின் மறுமுனையில் குமிழை (கைப்பிடியின் கடைக்கோடி உருண்டையை) திருகியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோல் சுற்றிய பிடியும், பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கும் குறுக்குக் காப்பும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். முறிவு வெல்டிங்கின் ஓரத்திலேயே ஓடியிருந்தது. கம்பியின் முறிந்த முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பழுப்பேறிக் கறுத்துக் கிடந்தது. மீதிப் பங்கு மட்டும் உடைத்த கற்கண்டு மாதிரி பளிச்சென்று இருந்தது.

கறுத்தது பழைய விரிசல். வியர்வையும் ஈரமும் உள்ளே போய்த் துருப்பிடிக்க நாளாகும். பளிச்சென்று இருந்தது அன்றைக்கு முறிந்த பகுதி. அதாவது பெட்டியைத் திறந்து கையில் கொடுத்தபோதே அந்த வாள் மூன்றில் ஒரு பங்கு இரும்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. “நீங்க பலமா அடிச்சதால உடைஞ்சது” என்ற வாதம் அந்த முகத்தின் முன் நிற்காது.

ஏன் அங்கே முறிகிறது? வாளோடு வாள் மோதும் ஒவ்வொரு முறையும் அலகு கொஞ்சம் வளைந்து மீளும். அந்த வளைவின் சுமை முழுவதும் அகலம் திடீரென்று குறையும் இடத்தில் போய்ச் சேரும். சதுர மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். வெல்டிங் சூடு பட்ட இரும்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம். நல்ல வாளில் அலகும் பிடிக்குள் போகும் வாலும் ஒரே இரும்பு. அலகு வாலாக ஒடுங்கும் தோள்பட்டை மூலைகளை வளைவாக அரத்தால் தேய்த்திருப்பார்கள்.

கம்பிதான் துருப்பிடித்தது; அலகோ ஸ்டெயின்லெஸ். 420, 440 என்று எஃகு வகை எண் பொறித்திருந்தால் அது சுவரில் மாட்டும் சரக்கு. கத்தி நீளத்துக்கு அந்த உலோகம் சரி. இரண்டடிக்கு மேல் போய் அடி வாங்கினால் வளைந்து மீளாது, ஒடியும். மேடைக்கு வேண்டியது ஸ்பிரிங் ஸ்டீல்: 5160, 6150, 1075 போன்றவை, அதுவும் சரியாகப் பதம் வைத்தவை. “போருக்குத் தயார்” என்று அட்டையில் அச்சடிக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாடகை வாளைக் கையில் வாங்கியதும் முதல் வேலை, குமிழ் திருகும் வகையா என்று பார்ப்பது. திருகும் வகை என்றால் அங்கேயே கழற்றிப் பிடியை உருவிப் பாருங்கள். வால் அலகின் பாதி அகலத்துக்குக் குறையக் கூடாது. கடைசி இரண்டு அங்குலம் மட்டும் மரையாக ஒடுங்கலாம். கழற்ற விடமாட்டேன் என்றால் அந்த வாள் வேண்டாம். வால் நுனியைக் குமிழின் மேல் அடித்துத் தட்டையாக்கிய வகையைக் கழற்ற முடியாது. அதைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கடகடவென்றால் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது. பிறகு பிடியைத் தளர்வாகப் பிடித்து அலகை ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். நல்ல வாள் ரீங்காரமிட்டு அதிரும். விரிசல் உள்ளது டப்பென்று செத்த சத்தம் தரும். அடுத்தது வளைப்புச் சோதனை. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, முனையை மரத்தூணில் ஊன்றி, நடுப்பகுதி பத்து சென்டிமீட்டர் விலகும்வரை மெதுவாக வளைத்து விடுங்கள். நேராகத் திரும்பாவிட்டால் ஒதுக்கிவிடலாம்.

விளிம்புத் தடிமனுக்குப் பையில் ஒரு நிக்கல் (ஐந்து சென்ட்) நாணயம் போதும். அது 1.95 மில்லிமீட்டர். வாளின் வாய் அதைவிட மெல்லியதாக இருந்தால், கூரே இல்லாவிட்டாலும், அடிக்கு அடி பல் விழும். முனை ஒரு டைம் (பத்து சென்ட்) நாணயத்தின் வளைவுக்காவது உருண்டிருக்க வேண்டும். எடையையும் பாருங்கள்: ஒற்றைக்கை வாள் 0.9 முதல் 1.3 கிலோ. அந்தப் பெட்டியில் ஏறக்குறைய இரண்டு கிலோ வாளும் இருந்தது, பாரம் முழுக்க முனைப்பக்கம். அதை எதிராளிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்துவது யாராலும் முடியாத காரியம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: பெட்டியில் அலுமினிய வாளும் எஃகு வாளும் கலந்திருந்தன. இரண்டும் தனித்தனியே நல்ல மேடை வாள்கள்தான். ஆனால் அலுமினியத்துக்கு அலுமினியம், எஃகுக்கு எஃகு. கலந்து ஆடினால் எஃகு அலுமினியத்தைக் கடித்துக் குதறும். மூன்று நான்கு மோதலில் ரம்பப் பல் வந்துவிடும். அந்தப் பல்லில் எதிர்வாள் மாட்டும்போது, வழுக்கிப் போக வேண்டிய வெட்டு நின்று இழுக்கும். இழுத்த வேகத்தில் முனை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ஒரே உலோகமாக இருந்தாலும் பிசிறு வரும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் விரல் நகத்தால் விளிம்பை வருடிப் பார்த்து, தட்டை அரத்தால் நீளவாக்கில் தேய்த்து, 220 உப்புத்தாளால் மழுக்கி, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். தேய்த்தும் போகாத ஆழமான வெட்டு இருந்தால் அந்த வாள் அன்றைக்கு ஓய்வு. அங்கே அரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. “போன வாரம்தான் புதுசா வந்தது” என்றார்கள், துருப்பிடித்த வாளைக் கையில் வைத்துக்கொண்டு.

அட்டவணையும் ஒரு பொறி. நாளுக்கு நான்கு காட்சி, இடையில் ஊர்வலம், படம் எடுத்துக்கொள்ள வருபவர்களுக்கு நிற்பது. சண்டை ஒத்திகைக்கு நேரமே போடவில்லை. ஒன்றரை நிமிடச் சண்டைக்கும் ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் ஒருமுறை அரை வேகத்தில், ஒருமுறை முக்கால் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம், அதுவும் ஆடப்போகும் அதே மேடையில், அதே செருப்போடு. வைக்கோல் பரப்பிய மண்ணில் பள்ளம் தெரியாது. காலையில் பனி ஈரமான பலகையில் தோல் அடி வைத்த பூட்ஸ் வழுக்கும்.

இத்தகைய மேடைகளில் பெரும்பாலும் மூன்று பக்கமும் கூட்டம் உட்காரும். அதனால் எந்தப் பக்கம் வெட்டினாலும் வெட்டின் நீட்சியில் யாரோ இருப்பார்கள். முதல் வரிசைக்கும் ஆடும் எல்லைக்கும் நடுவே குறைந்தது பதினைந்து அடி கேளுங்கள்; கயிறு கட்டித் தரச் சொல்லுங்கள். அங்கே இருந்தது ஆறு அடி. கயிறு இல்லை. குழந்தைகள் தரையில் தவழ்ந்து முன்னால் வந்தார்கள்.

காப்பீடு பற்றிக் கேட்டதற்கு “எல்லாம் இருக்கு” என்பதுதான் பதில். வாய்ப்பேச்சு உதவாது, சான்றிதழின் நகலைக் கேளுங்கள். பொதுப் பொறுப்புக் காப்பீடு பார்வையாளருக்கு அடிபட்டால் உதவலாம். ஆனால் விளையாட்டு, சாகசப் பங்கேற்பாளர்களுக்கு ஏற்படும் காயத்தை விலக்கிவைக்கும் இணைப்பு பல பாலிசிகளில் இருக்கும். சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று 1099 வரிப் படிவத்தில் சம்பளம் கொடுத்தால், தொழிலாளர் இழப்பீடும் பொதுவாகக் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கை முறிந்தால் மருத்துவச் செலவு ஆடுபவர் தலையில். மேடைச் சண்டை பாலிசிக்குள் வருகிறது என்று எழுத்தில் இல்லாவிட்டால், வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை அமைப்பாளர் (சண்டை அசைவுகளை வகுத்து மேற்பார்க்கிறவர்) யார், இரண்டு நாளும் இருப்பாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்கச் சண்டை இயக்குநர்கள் சங்கம் 1977 முதல் இருக்கிறது. எட்டு ஆயுதப் பிரிவுகளில் தேர்வு வைக்கிறது, தேர்ச்சி மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அந்தத் தேர்ச்சி இல்லாதவர்களிலும் அருமையான ஆட்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் பெயர் போட்டிருந்த அமைப்பாளர் இரண்டு நாளும் அந்தப் பக்கமே வரவில்லை என்றால், ஆபத்து என்று தெரிந்து காட்சியை நிறுத்தும் அதிகாரம் அங்கே யாரிடமும் இல்லை என்று அர்த்தம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை நிறைய இல்லை. அடிப்படைத் தொகை, தொப்பி ஏந்திச் சேர்க்கும் காசில் ஏற்பாட்டாளருக்குப் பங்கு உண்டா, எவ்வளவு, மழையால் காட்சி நின்றால் என்ன, ஞாயிறு மாலை கையில் பணமா, முப்பது நாள் கழித்துக் காசோலையா. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி இது: ஏற்பாட்டாளர் தரும் ஆயுதம் பழுதானதால் காட்சி நின்றால் முழுத் தொகையும் உண்டு, பழுதுக்கு ஆடுபவர் பொறுப்பல்ல. இந்த ஒரு வரி இல்லாததால்தான் பாதிச் சம்பளம் போனது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: உடைந்த வாள் அவர்களுடைய பொருள், திருப்பிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு முன் முறிவின் இரண்டு முகங்களையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து, சாய்வான வெளிச்சத்தில், கிட்டத்தில் படமெடுங்கள். எண்ணெயோ தண்ணீரோ படக் கூடாது, உடைந்த முகங்களை ஒட்டவைத்துப் பார்க்கவும் கூடாது; அந்தக் கறுப்பு அழிந்துவிடும். வாங்கிக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பாக்கித் தொகையை முதலில் கடிதமாகக் கேளுங்கள், பிறகு சிறு வழக்கு நீதிமன்றம். அங்கே கேட்கக்கூடிய தொகையின் வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 20,000 டாலர், கலிபோர்னியாவில் தனிநபருக்கு 12,500. வார இறுதிச் சம்பளம் எங்கேயும் அதற்குள் அடங்கிவிடும். வக்கீல் இல்லாமலே போடலாம்.