இரண்டு வார விடுப்பும் ஆறு பஞ்சும்

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று இரண்டு வார விடுப்பில்தான் ஊருக்குப் போனேன். ஆறு வாரம் இருக்கும்படி ஆயிற்று.

உணவுக்குழாயில் புற்றுநோய். கட்டியை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து மிச்சக் குழாயோடு தைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் இரவு நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியது. "பயத்துல அப்படித்தான் அடிக்கும்" என்றார் பணியில் இருந்தவர். காலையில் காய்ச்சல். சி.டி. ஸ்கேன் எடுத்தபோது தையல் போட்ட இடம் கசிவது தெரிந்தது. அந்த ஓர் இரவு வீணானது எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த அறுவைக்குப் பிறகு நாடி இப்படி ஓடினால் கசிவு இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

மறுபடியும் நெஞ்சைத் திறப்பார்களோ என்று அம்மா அழுதுகொண்டே இருந்தார். வாய் வழியே கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்த்துச் சிகிச்சை செய்யும் எண்டோஸ்கோபி மருத்துவர் எங்களை உட்காரவைத்துத் தாளில் படம் போட்டுக் காட்டினார். ஓட்டை சின்னதாக, ஓரத்துச் சதை நன்றாக இருந்தால் கிளிப் போட்டுக் கவ்வலாம். உறையிட்ட ஸ்டென்ட், அதாவது விரியும் வலைக்குழாய், வைத்தும் மறைக்கலாம், ஆனால் அது நழுவக்கூடும். அப்பாவுக்கு ஓட்டைக்குப் பின்னால் சீழ்க்குழி இருந்தது. "வாசலை மட்டும் சாத்தினா சீழ் உள்ளேயே நிக்கும்மா" என்றார்.

அதனால் பஞ்சு வைத்தார்கள்; பருத்திப் பஞ்சு இல்லை, துளைகள் உள்ள ஸ்பாஞ்ச். மூக்கு வழியே போகும் குழாயின் நுனியில் பஞ்சைக் கட்டி, எண்டோஸ்கோப்பால் அந்தக் குழிக்குள் இறக்கி, மறுமுனையை உறிஞ்சும் கருவியில் மாட்டுகிறார்கள். கட்டிலருகே அது இரவெல்லாம் உறுமிக்கொண்டே இருக்கும். டப்பாவில் முதலில் பழுப்பாகக் கலங்கல் நீர் வந்தது, போகப்போகத் தெளிந்தது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துப் பஞ்சை மாற்றினார்கள். பஞ்சின் துளைகளுக்குள் புதுச்சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும், அதனால் நாள் தள்ளக்கூடாதாம். மொத்தம் ஆறு பஞ்சு. சாப்பாடு முழுக்கச் சிறுகுடலில் போட்ட குழாய் வழியாக. நாங்கள் உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தோம். வலியைவிடத் தாகம்தான் அப்பாவை வாட்டியது.

கத்தி இல்லை என்றதும் சுலபம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அதோடு, சீழ் பரவி உடல்நிலை மோசமானாலோ தைத்த திசு அழுகிப்போனாலோ அறுவைதான் வழி என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த நேர்மைதான் எங்களுக்குத் தெம்பு தந்தது.

பெற்றோருக்கு இப்படி அறுவை சிகிச்சை என்றால், நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையில் கேளுங்கள்: கசிந்தால் எண்டோஸ்கோபி மூலம் சரிசெய்ய இங்கே ஆள் இருக்கிறார்களா, ராத்திரியில் கூப்பிட்டால் வருவார்களா?